12 வோல்ட் பேட்டரியில் எல்இடி விளக்கு: நிலை மின்னோட்டத்திற்கு எந்த இறக்குமாற்றிச் சில்லு?

செங்கதிர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தோட்டத்தில் மாட்டுக்கொட்டகைக்கும் களத்துக்கும் சூரியத் தகட்டில் இயங்கும் விளக்குகளை அமைத்து வருகிறேன். 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி ஒன்றும் அதற்கான சார்ஜ் கன்ட்ரோலரும் உள்ளன. ஒவ்வொரு விளக்கிலும் மூன்று 3 வாட் வெள்ளை எல்இடிகள் தொடராக இணைக்கப்பட்டு அலுமினியத் தகட்டின் மேல் அமர்ந்திருக்கின்றன. இப்போதைக்கு வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டு ஓட்டுகிறேன். மாலையில் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்கிறது. நள்ளிரவு தாண்டியதும் மங்கிவிடுகிறது. ரெசிஸ்டரோ தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது.

எல்இடி ஒன்றுக்கு 650 முதல் 700 மில்லியாம்பியர் வரை மாறாமல் செலுத்த விரும்புகிறேன். உள்ளீட்டு மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் இறக்குமாற்றிச் சில்லுகளில் பிடி4115 கடையில் எளிதாகக் கிடைக்கிறது. எல்எம்2596 மாட்யூல்களும் கிடைக்கின்றன. சிலர் எல்எம்3404 சிறந்தது என்கிறார்கள். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது, எந்தக் காரணத்தால் என்பதைப் பெரியவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். பேட்டரியிலிருந்து களத்து விளக்கு ஏறக்குறைய 20 மீட்டர் தொலைவில் உள்ளது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மின்தடையம் எழுதியது:

இதற்குத் தனிச் சில்லைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. எல்எம்2596 மாட்யூல் 40 வோல்ட் வரை உள்ளீட்டை ஏற்கும், 3 ஆம்பியர் வரை தரும். வெளியீட்டை 9.6 வோல்ட்டில் நிறுத்திவிட்டால் ஒவ்வொரு எல்இடிக்கும் 3.2 வோல்ட் கிடைக்கும். பேட்டரி ஏறினாலும் இறங்கினாலும் வெளியீடு அசையாது, வெளிச்சமும் மாறாது.

அளவுமானி எழுதியது:

மின்தடையம் அவர்கள் சொன்ன வழி கணக்கில் சரியாகத் தோன்றும், விளக்கு சூடேறிய பிறகு சரியாக இருக்காது. வெள்ளை எல்இடியின் முன்னோக்கு மின்னழுத்தம், அதாவது எரியும்போது அதன் குறுக்கே நிற்கும் மின்னழுத்தம், வெப்பம் ஏற ஏறக் குறைகிறது. ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 3 மில்லிவோல்ட் என்று கொள்ளலாம். அறை வெப்பநிலையில் தொடங்கிய சந்தி (எல்இடிக்குள் ஒளி பிறக்கும் இடம்) 60 பாகை கூடுதலாகச் சூடேறினால், ஓர் எல்இடிக்கு 0.18 வோல்ட் வீதம் மூன்றுக்கும் சேர்த்து அரை வோல்ட்டுக்கு மேல் குறையும். இயங்குநிலையில் மூன்று எல்இடிகளின் தொடர் தடை ஓர் ஓமைச் சற்றுத் தாண்டிய அளவுதான். ஆகவே 9.6 வோல்ட் அப்படியே நிற்க, 0.7 ஆம்பியரில் தொடங்கிய மின்னோட்டம் கூடுதலாக 0.4 ஆம்பியரையும் சேர்த்துக்கொள்ளும். கூடிய மின்னோட்டம் மேலும் சூடேற்றும், அந்தச் சூடு மின்னழுத்தத்தை மேலும் குறைக்கும். இந்தச் சுழற்சி எங்கே நிற்கும் என்பதை வெப்பத் தகடுதான் முடிவு செய்கிறது. எல்இடியைப் பொறுத்தவரை கட்டுப்படுத்த வேண்டியது மின்னோட்டம். மின்னழுத்தத்தை அது தானே தீர்மானித்துக்கொள்ளும்.

ரெசிஸ்டர் ஏன் ஏமாற்றுகிறது என்பதையும் எண்களில் பார்த்துவிடலாம். 12.6 வோல்ட்டில் 0.7 ஆம்பியர் வரும்படி 4.3 ஓம் போட்டிருந்தால், பேட்டரி சார்ஜ் முடியும் நிலையில் 14.4 வோல்ட்டில் 1.1 ஆம்பியர் ஓடும். அதே விளக்கு 11.5 வோல்ட்டில் 0.44 ஆம்பியருக்கு இறங்கிவிடும். எல்இடியின் மின்னழுத்தமும் மின்னோட்டத்துடன் சற்று நகர்வதால் உண்மையான வேறுபாடு கொஞ்சம் குறையும். ஆயினும் செங்கதிர் அவர்கள் கண்ணால் கண்டது இதைத்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 12 வோல்ட்டில் மூன்று எல்இடிகள் என்ற அமைப்பில் இறக்குமாற்றியால் கிடைக்கும் மின்சேமிப்பு பலர் எதிர்பார்ப்பது போல் பெரிதன்று. 13 வோல்ட்டில் ரெசிஸ்டர் அமைப்பின் திறன் 74 விழுக்காடு. நன்றாகக் கட்டிய இறக்குமாற்றியில் 90 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். நாம் சில்லை நாடுவதற்கு முதன்மையான காரணம், இரவு முழுவதும் ஒரே வெளிச்சம் கிடைப்பதும் எல்இடி தன் வரம்பைத் தாண்டாமல் இருப்பதும்தான்.

மின்தடையம் எழுதியது:

வெப்பம் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் இரண்டு திருகுகள் கொண்ட மாட்யூல்களும் உள்ளனவே. ஒரு திருகு மின்னழுத்தத்திற்கு, மற்றொன்று மின்னோட்டத்திற்கு. மின்னோட்டத் திருகை 0.67 ஆம்பியரில் நிறுத்திவிட்டால் நீங்கள் சொல்லும் பணியை அதுவும் செய்யும் அல்லவா?

வீதிவிளக்கு எழுதியது:

செய்யும், ஆனால் அந்த மாட்யூலின் வயரிங்கில் கவனிக்க வேண்டிய ஒன்று உள்ளது. சூரிய ஆற்றல் தெருவிளக்குகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரு திருகு மாட்யூல்களில் பெரும்பாலானவை மின்னோட்டத்தை எதிர்முனைப் பாதையில், அதாவது வெளியீட்டின் நெகட்டிவுக்கும் உள்ளீட்டின் நெகட்டிவுக்கும் இடையில் உள்ள சிறு ரெசிஸ்டரில் அளக்கின்றன. எனவே அந்த இரண்டு நெகட்டிவ்களும் ஒன்றல்ல. விளக்கின் உலோக உடலை வெளியீட்டு நெகட்டிவுடனும், கம்பத்தைப் பேட்டரி நெகட்டிவுடனும் இணைத்துவிட்டால், எல்இடியில் ஓடிய மின்னோட்டம் அளவிடும் ரெசிஸ்டரைத் தொடாமல் கம்பத்தின் வழியே திரும்பிவிடும். மாட்யூலின் கணக்கில் மின்னோட்டமே இல்லை. அது மின்னழுத்தத் திருகின் எல்லை வரை ஏற்றிவிடும். நிலை மின்னோட்டம் என்ற பாதுகாப்பு அந்த நொடியே போய்விடுகிறது.

பிடி4115 வைத்தாலும் இந்தக் கவலை வேறு வடிவில் இருக்கிறது. அங்கே அளவிடும் ரெசிஸ்டர் நேர்முனைப் பக்கம் இருக்கிறது. பாசிட்டிவிலிருந்து ரெசிஸ்டர், அதன் பின் எல்இடி வரிசை, அதன் பின் தூண்டுச்சுருள், கடைசியில் சில்லுக்குள் இருக்கும் சுவிட்ச் என்ற வரிசையில் மின்னோட்டம் செல்கிறது. எல்இடியின் நெகட்டிவ் முனை தரையில் இல்லை. தூண்டுச்சுருளின் தலையில் இருக்கிறது. அந்த முனை உலோக உடலைத் தொட்டு, உடலும் பேட்டரி நெகட்டிவுடன் இணைந்திருந்தால், தூண்டுச்சுருளும் சுவிட்சும் பாதையிலிருந்து விலகி, எல்இடி வரிசை பேட்டரியின் குறுக்கே நேராக நிற்கும். ஆகவே அலுமினியத் தகட்டில் பொருத்தும்போது திருகுத் தலை சாலிடர் திட்டைத் தொடுகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

அளவுமானி எழுதியது:

வீதிவிளக்கு அவர்கள் தொட்ட இடம்தான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். எல்லாச் சில்லுகளின் தரவுத்தாளிலும் நிலை மின்னோட்டம் என்றே எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் மின்னோட்டத்தை அளக்கிறது என்பதைப் பார்த்தால்தான் எது எதற்குப் பொருந்தும் என்பது விளங்கும்.

இறக்குமாற்றியின் தூண்டுச்சுருளில் ஓடும் மின்னோட்டம் நேர்கோடு அன்று. ரம்பப் பல் போல் ஏறி இறங்குவது. சுவிட்ச் மூடியிருக்கும்போது ஏறும், திறந்திருக்கும்போது ஷாட்கி டையோடு வழியாகச் சுற்றி வந்து இறங்கும். எல்இடிக்கு வேண்டியது இவ்விரண்டின் சராசரி.

பிடி4115 ஏற்றம், இறக்கம் இரண்டையும் பார்க்கிறது. அளவிடும் ரெசிஸ்டரின் குறுக்கே சராசரியாக 100 மில்லிவோல்ட் இருக்கும்படி, அதற்கு மேலும் கீழும் 15 விழுக்காடு எல்லை வைத்துக்கொண்டு சுவிட்சைத் திறந்து மூடுகிறது. மேல் எல்லையைத் தொட்டால் திறப்பு, கீழ் எல்லையைத் தொட்டால் மூடல். தனியாகக் கடிகாரமோ ஈடுசெய்யும் சுற்றோ இல்லை. தூண்டுச்சுருளின் மதிப்பு 20 விழுக்காடு பிசகினால் அதிர்வெண் மாறுமே தவிரச் சராசரி பெரிதாக மாறாது. கையால் கட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி.

எல்எம்3404 மின்னோட்டத்தின் அடிமட்டத்தைப் பார்க்கிறது. எல்இடியின் நெகட்டிவுக்கும் தரைக்கும் இடையில் உள்ள ரெசிஸ்டரில் 200 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியதும், முன்பே வரையறுத்த நேரத்துக்குச் சுவிட்சை மூடுகிறது. எனவே சராசரி என்பது அந்த அடிமட்டத்துடன் அலைவின், அதாவது ஏற்ற இறக்க வீச்சின், பாதியைக் கூட்டியது. தூண்டுச்சுருள் பிசகினால் சராசரியும் சற்று நகரும். மாறாக, எல்இடியின் ஒரு முனை தரைக்கு மிக அருகில் நிற்பது வயரிங்கை எளிதாக்குகிறது. சாதாரண வகை 42 வோல்ட் வரையும், எச்வி என்று முடியும் வகை 75 வோல்ட் வரையும் ஏற்கும். 12 வோல்ட் விளக்குக்கு இந்த அளவு தேவையில்லை.

எச்வி9910 போன்றவை உச்சத்தை மட்டும் பார்க்கின்றன. வெளியில் உள்ள மாஸ்ஃபெட் சுவிட்சின் ரெசிஸ்டரில் 250 மில்லிவோல்ட் வந்ததும் அணைத்துவிடும். சராசரி என்பது உச்சத்திலிருந்து அலைவின் பாதியைக் கழித்தது. 450 வோல்ட் உள்ளீடு வரை தாங்கும் இச்சில்லு உயர் மின்னழுத்தத்துக்காகவே வடிவமைக்கப்பட்டது. நிலையான அதிர்வெண்ணில் ஓட்டும்போது சுவிட்ச் பாதி நேரத்துக்கு மேல் மூடியிருந்தால் மின்னோட்டம் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று தடுமாறும். நம் விளக்கில் 13 வோல்ட்டிலிருந்து 9.6 வோல்ட்டுக்கு இறங்கும்போது முக்கால் பங்கு நேரம் மூடியே இருக்க வேண்டியுள்ளது. ஆகவே இங்கே அது பொருந்தாது.

வீடுகளில் உள்ள 230 வோல்ட் குண்டு விளக்குகளில் காணும் பிபி2831ஏ போன்ற சில்லுகளும் உச்சத்தைத்தான் பார்க்கின்றன. ஆனால் மின்னோட்டம் சுழிக்கு வந்த பிறகே மறுசுற்றைத் தொடங்குவதால் சராசரி எப்போதும் உச்சத்தின் பாதி. தூண்டுச்சுருளின் பிசகு அங்கே தொல்லை தராது. மிக அழகான ஏற்பாடு அது. அவை மின்வழியிலிருந்து தனிமைப்படுத்தப்படாதவை என்பதால், மின்சாரம் இருக்கும்போது அந்த விளக்கின் எல்இடித் தகட்டில் கை வைக்கக் கூடாது.

இனி செங்கதிர் அவர்களின் விளக்குக்கு வருவோம். பிடி4115 இயங்கும் உள்ளீடு 6 முதல் 30 வோல்ட் வரை, வெளியீடு 1.2 ஆம்பியர் வரை. 0.15 ஓம், ஒரு விழுக்காட்டு ரெசிஸ்டர் போட்டால் 100 மில்லிவோல்ட்டை 0.15 ஆல் வகுக்க 667 மில்லியாம்பியர் வரும். தூண்டுச்சுருளாக 47 மைக்ரோஹென்றி எடுத்துக்கொள்கிறேன். அலைவு 0.2 ஆம்பியர். உள் சுவிட்ச், ரெசிஸ்டர், சுருள் ஆகியவற்றின் தடைகளில் ஏறத்தாழ 0.57 வோல்ட் போய்விடும். 13 வோல்ட்டில் சுருளின் குறுக்கே ஏற்றத்துக்கு எஞ்சுவது 2.8 வோல்ட், ஏற 3.3 மைக்ரோ நொடி, இறங்க 0.9 மைக்ரோ நொடி, அதிர்வெண் ஏறக்குறைய 235 கிலோஹெர்ட்ஸ். சில்லின் எதிர்வினைத் தாமதத்தால் உண்மையில் இன்னும் சற்றுக் குறையும். மிகச் சிறிய சுருளைப் போட்டால் அந்தத் தாமதத்துக்குள் மின்னோட்டம் எல்லையைத் தாண்டி ஓடிச் சராசரியைக் கெடுக்கும். ஆகவே 33 மைக்ரோஹென்றிக்குக் கீழே போக வேண்டாம் என்பேன்.

சுருளை வாங்கும்போது மைக்ரோஹென்றியை மட்டும் பார்க்காதீர்கள். பூரித மின்னோட்டம் 1 ஆம்பியருக்கு மேல் இருக்க வேண்டும். பழைய பலகைகளிலிருந்து கழற்றிய சிறிய சுருள்கள் 0.5 ஆம்பியரிலேயே பூரிதமாகித் தூண்டலை இழந்துவிடும். அதன் பின் அது வெறும் கம்பிதான். டையோடு 40 வோல்ட், 1 ஆம்பியர் ஷாட்கியாக இருந்தால் போதும். சாதாரண 1என்4007 இந்த அதிர்வெண்ணுக்கு மிக மந்தமானது.

செங்கதிர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்திலும் இது வேலை செய்யுமா? மேலும், வெளிச்சம் போதாதென்றால் நான்காவது எல்இடியை அதே தொடரில் சேர்க்கலாமா?

அளவுமானி எழுதியது:

நான்காவதைச் சேர்க்க வேண்டாம். நான்கு எல்இடிக்கு 12.8 வோல்ட் தேவை. இறக்குமாற்றியால் உள்ளீட்டுக்கு மேல் ஏற்ற முடியாது என்பதால், பேட்டரி ஏறக்குறைய 13.4 வோல்ட்டுக்குக் கீழே வந்ததுமே கட்டுப்பாடு கைவிட்டுப் போகும். சார்ஜ் ஏறும் பகல் நேரத்தைத் தவிர விளக்கு முழு வெளிச்சம் தராது.

மூன்றுக்கு 9.6 வோல்ட்டும் இழப்புகள் 0.57 வோல்ட்டும் சேர்ந்து 10.2 வோல்ட் வரை தாங்கும். குளிர்ந்த இரவில் விளக்கை ஏற்றிய புதிதில் எல்இடியின் மின்னழுத்தம் கூடுதலாக இருப்பதால் 10.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே சுவிட்ச் முழுமையாக மூடியே நிற்கும், வெளிச்சம் மெல்லக் குறையும், சில்லுக்குத் தீங்கில்லை.

ஆனால் உங்கள் 20 மீட்டர் வயரை மறக்காதீர்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போகவர 40 மீட்டருக்கு 0.7 ஓம். 0.6 ஆம்பியரில் 0.42 வோல்ட் வயரிலேயே போய்விடும். பேட்டரியில் 11 வோல்ட் இருக்கும்போது களத்து விளக்குக்குக் கிடைப்பது 10.6 வோல்ட்தான், விளிம்பில் நிற்கிறது. மேலும் ரெசிஸ்டரைப் போலன்றி, இறக்குமாற்றி உள்ளீடு குறையக் குறைய அதிக மின்னோட்டத்தை இழுத்து வெளியீட்டை நிலைநிறுத்தப் பார்க்கும். அது வயரிழப்பை இன்னும் கூட்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் நீங்கும். கூடுதல் வெளிச்சம் வேண்டுமானால் இரண்டாவது வரிசைக்கு இரண்டாவது சில்லைப் போடுங்கள். இரு வரிசைகளை ஒரே சில்லில் இணையாகக் கட்டினால், சூடான வரிசை மற்றதன் பங்கையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும்.

வீதிவிளக்கு எழுதியது:

நீண்ட வயர் இன்னொரு தொல்லையையும் கொண்டுவரும். வயருக்கும் தூண்டல் உண்டு. சில்லின் வாயிலில் 10 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி மட்டும் இருக்கும் நிலையில் சுவிட்சைத் தட்டினால், வயரின் தூண்டலும் அந்த மின்தேக்கியும் சேர்ந்து அதிர்ந்து, மின்னழுத்தம் ஒரு கணம் உள்ளீட்டின் இரு மடங்கை நெருங்கும். 12 வோல்ட் பேட்டரியில் 14.4 என்பது 28 வரை தாவும். 30 வோல்ட் வரம்புக்குள் தப்பித்துக்கொள்ளும். இதே பலகையை 24 வோல்ட் அமைப்பில் வைத்தவர்கள்தான் சில்லு காரணமின்றிப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். சார்ஜ் நேரத்தில் அங்கே 28.8 வோல்ட் நிற்கும். அதன் இருமடங்கு எங்கே, வரம்பு எங்கே?

தீர்வு எளிது. செராமிக் மின்தேக்கியைச் சில்லின் கால்களுக்கு அருகில் அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு இணையாக 100 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் சாதாரண எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைப் போடுங்கள். அதன் உள்தடையே அதிர்வை அடக்கும். 24 வோல்ட் அமைப்பாக இருந்தால் 40 வோல்ட் வரை ஏற்கும் ஏஎல்8860 போன்ற சில்லுக்கு மாறுவது நல்லது. அளவிடும் மின்னழுத்தம் அதிலும் 100 மில்லிவோல்ட் என்பதால் ரெசிஸ்டர் கணக்கு மாறாது.

செங்கதிர் எழுதியது:

நள்ளிரவுக்குப் பின் கால் பங்கு வெளிச்சம் போதும். சில்லில் வெளிச்சத்தைக் குறைப்பதற்கான டிம் காலை எப்படிப் பயன்படுத்துவது?

அளவுமானி எழுதியது:

இரண்டு வழிகள் உள்ளன. பிடி4115 இன் டிம் காலில் 0.5 முதல் 2.5 வோல்ட் வரை கொடுத்தால் மின்னோட்டம் அதற்கேற்ப மாறும், 0.3 வோல்ட்டுக்குக் கீழே அணைந்துவிடும்; எதுவும் இணைக்காமல் விட்டால் முழு வெளிச்சம். இந்த வழியில் இமைப்பு சிறிதும் இல்லை. குறை என்னவென்றால், கால் பங்கில் சில்லு ஒப்பிடுவது 25 மில்லிவோல்ட்டை. அதன் உள்பிழை அங்கே பெரிதாகத் தெரியும். ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு விளக்குகள் வேறுவேறு வெளிச்சம் தரலாம். களத்துக்கு அது பொருட்டில்லை.

மற்ற வழி பிடபிள்யூஎம், அதாவது விளக்கை வேகமாக அணைத்து ஏற்றிச் சராசரி வெளிச்சத்தைக் குறைப்பது. இங்கே அதிர்வெண்ணைத் தாராளமாக வைக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். 100 ஹெர்ட்ஸில் முழுமையாக அணைத்து ஏற்றும் விளக்கின் கீழ் கதிரடிக்கும் இயந்திரத்தின் சுழலும் பகுதி நின்றுவிட்டது போலவோ மெதுவாகச் சுழல்வது போலவோ தோன்றக்கூடும். கையை நீட்டுபவருக்கு அது ஆபத்து. ஐஇஇஇ 1789 என்ற 2015ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, முழு ஏற்ற இறக்கம் உள்ள ஒளிக்குக் குறைந்த இடர் எல்லை 1,250 ஹெர்ட்ஸ். விளைவே தெரியாத எல்லை 3,000 ஹெர்ட்ஸ். 1,250 ஹெர்ட்ஸில் கால் பங்கு என்பது 200 மைக்ரோ நொடி. அதற்குள் சில்லு நாற்பதுக்கும் மேற்பட்ட முறை திறந்து மூடிவிடும் என்பதால் வெளிச்ச அளவு துல்லியமாகவே இருக்கும். ஒரே ஒரு படி மட்டும் குறைக்க வேண்டிய உங்கள் தேவைக்கு முதல் வழியே போதுமானது.

மின்தடையம் எழுதியது:

எல்இடியின் குறுக்கே ஒரு மின்தேக்கியைப் போட்டு அலைவைக் குறைக்கலாம் என்று தரவுத்தாள் சொல்கிறது. கையில் 100 மைக்ரோஃபாரட் இருப்பவர்கள் அதையே போட்டுவிடுகிறார்கள். அது குறித்து ஒரு சொல்.

எல்இடி கழன்றிருக்கும்போது சில்லுக்கு மின்னோட்டம் தெரிவதில்லை. அது சுவிட்சை மூடியே வைத்திருக்கும், மின்தேக்கி பேட்டரியின் மின்னழுத்தம் வரை ஏறிவிடும். அந்த நிலையில் எல்இடி வரிசையைச் செருகினால், 13 வோல்ட்டில் நிற்கும் மின்தேக்கி 9.6 வோல்ட் வரிசைக்குள், சில்லின் கட்டுப்பாடு எதுவுமின்றி, 3 ஆம்பியர் அளவுக்குக் கொட்டும். 24 வோல்ட் அமைப்பில் அதுவே 10 ஆம்பியரைத் தாண்டும். எல்இடிக்குள் இருக்கும் தங்கக் கம்பி இதைத் தாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே 1 மைக்ரோஃபாரட் செராமிக்குக்கு மேல் போடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகே எல்இடியைச் செருகுங்கள்.

இரு திருகு எல்எம்2596 மாட்யூலைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் வெளியீட்டில் பெரிய எலக்ட்ரோலிட்டிக் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே மின்னழுத்தத் திருகு பயன்படும். எல்இடியை இணைக்கும் முன் வெளியீட்டை 10.5 வோல்ட்டில் நிறுத்திக்கொண்டால், வரிசை கழன்று மீண்டும் ஒட்டும்போது பாயும் மின்னோட்டம் பெருமளவு குறையும். அதன் பிறகு மின்னோட்டத் திருகை 0.67 ஆம்பியருக்குக் கொண்டுவந்து, இரு திருகுகளின் மேலும் ஒரு துளி வார்னிஷ் வைத்துவிடுங்கள். கொட்டகையின் அதிர்விலும் ஈரத்திலும் அவை நகரக்கூடியவை.